திரைப்படம் சார்ந்த பொழுதுபோக்கு ஆட்டங்களும் பதிப்புரிமையும்

திரைப்படம் சார்ந்த பொழுதுபோக்கு ஆட்டம் என்பது, ஒரு திரைப்படத்தால் ஈர்க்கப்பட்ட இரசிகர் ஒருவரோ சிறு குழுவினரோ, அத்திரைப்படத்தின் உரிமையாளரிடம் உரிமம் பெறாமல், பெரும்பாலும் வருவாய் நோக்கமின்றி உருவாக்கும் ஆட்டத்தைக் குறிக்கும். இவை இரசிகர் ஆட்டங்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. வீடியோ கேம் எனப் பொதுவாக வழங்கும் நிகழ்பட ஆட்டங்களே இவற்றுள் மிகுதி. பலகை ஆட்டங்களும் சீட்டாட்டங்களும் உண்டு. இவற்றை உருவாக்குவோர் எதிர்கொள்ளும் முதன்மையான சட்டச் சிக்கல் பதிப்புரிமை ஆகும். வணிகக் குறி, நடிகர்களின் ஆளுமை உரிமை ஆகியவையும் தொடர்புடையவை.

திரைப்படத்தின் கருத்தையும் கதைவகையையும் யாரும் பயன்படுத்தலாம். அதன் குறிப்பான வெளிப்பாட்டை உரிமமின்றிப் பயன்படுத்த இயலாது என்பது இத்துறையின் அடிப்படை விதி. நியாயமான பயன்பாடு என்னும் கோட்பாடு இவ்விதிக்கு ஒரு விலக்கு. எனினும் அது முன்கூட்டியே கிடைக்கும் அனுமதி அன்று. வழக்கு வந்த பின்னர் நீதிமன்றத்தில் எடுத்துவைக்கப்படும் எதிர்வாதம் ஆகும். பொழுதுபோக்காக ஆட்டம் உருவாக்குவோரில் வழக்கை நடத்தும் பொருள்வசதி உள்ளவர்கள் மிகக் குறைவு. ஆகவே பல ஆண்டு உழைப்பில் உருவான ஆட்டங்கள், நீதிமன்றத் தீர்ப்பு எதுவுமின்றி, உரிமையாளரின் ஒரு கடிதத்துடன் நின்றுவிடுவதுண்டு.

இக்கட்டுரை முதன்மையாக ஐக்கிய அமெரிக்காவின் சட்டத்தை விளக்குகிறது. பெரிய திரைப்பட நிறுவனங்கள் பலவும், ஆட்டங்களைப் பகிரும் இணையத்தளங்கள் பலவும் அந்நாட்டைச் சேர்ந்தவை என்பதே காரணம். பிற நாடுகளின் நிலை தனிப் பகுதியில் தரப்பட்டுள்ளது.

கருத்தும் வெளிப்பாடும்

பதிப்புரிமை கருத்துகளைக் காப்பதில்லை. கருத்து வெளிப்படுத்தப்பட்ட வடிவத்தையே காக்கிறது. ஐக்கிய அமெரிக்காவின் 1976 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 102 ஆம் பிரிவு இதனை வெளிப்படையாகக் கூறுகிறது.

1979 இல் வெளியான ஏலியன் திரைப்படத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். விண்கலத்தில் சிக்கிய குழுவினரை இனந்தெரியாத உயிரி ஒன்று ஒவ்வொருவராக வேட்டையாடுவது ஒரு கருத்து. அதனைக் கொண்டு எவரும் ஆட்டம் உருவாக்கலாம். ஆனால் சுவிட்சர்லாந்து ஓவியர் எச். ஆர். கீகர் அப்படத்துக்காக வடிவமைத்த உயிரியின் உருவம், கதைமாந்தர், உரையாடல், இசை ஆகியவை வெளிப்பாட்டைச் சேர்ந்தவை. நின்டெண்டோ நிறுவனம் 1986 இல் வெளியிட்ட மெட்ராய்டு ஆட்டத்தில் ஏலியன் படத்தின் தாக்கம் இருப்பதை அதன் உருவாக்குநர்களே ஒப்புக்கொண்டுள்ளனர். அதன் எதிர்நாயக உயிரிகளுள் ஒன்றுக்குப் படத்தின் இயக்குநர் ரிட்லி ஸ்காட்டின் பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் மெட்ராய்டு தனக்கெனத் தனி உலகையும் மாந்தரையும் கொண்டிருப்பதால் தனிப்படைப்பாகவே நிலைபெற்றது.

கருத்து எங்கே முடிகிறது, வெளிப்பாடு எங்கே தொடங்குகிறது என்பதற்குத் திட்டவட்டமான எல்லை இல்லை. 1930 ஆம் ஆண்டில் நிக்கல்ஸ் எதிர் யுனிவர்சல் பிக்சர்ஸ் வழக்கில் நீதியரசர் லேர்னட் ஹேண்ட் இதனை ஆராய்ந்தார். ஒரு நாடகத்தைத் தழுவித் திரைப்படம் எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. யூதக் குடும்பம் ஒன்றும் அயர்லாந்துக் குடும்பம் ஒன்றும் பகைமை கொண்டிருக்க, அவற்றின் பிள்ளைகள் மணம் புரிவது இரண்டிற்கும் பொதுவான கதை. இவ்வளவு பொதுவான ஒற்றுமை உரிமை மீறலாகாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கதைமாந்தர் எவ்வளவு மேலோட்டமாக வரையப்பட்டுள்ளனரோ அவ்வளவு குறைவாகவே அவர்களுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும் என்னும் கருத்தும் இத்தீர்ப்பில் நிலைபெற்றது.

இதன் மறுபக்கமும் உண்மை. தெளிவாக வரையப்பட்ட கதைமாந்தருக்கு, கதையிலிருந்து பிரித்தெடுத்தாலும் பாதுகாப்பு உண்டு. 1995 இல் கலிபோர்னியாவில் நடந்த வழக்கொன்றில், ஹோண்டா நிறுவனத்தின் மகிழுந்து விளம்பரம் ஜேம்ஸ் பாண்ட் பாத்திரத்தைப் படியெடுத்ததாகக் கருதி நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. விளம்பரத்தில் பாண்டின் பெயர் சொல்லப்படவில்லை. 2015 ஆம் ஆண்டின் டிசி காமிக்ஸ் எதிர் டவுல் வழக்கில், பேட்மேனின் ஊர்தியான பேட்மொபைலும் ஒரு பாத்திரமாகப் பாதுகாக்கப்படும் என்று ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே பெயரை மட்டும் மாற்றிவிட்டு உருவத்தையும் இயல்புகளையும் அப்படியே வைத்துக்கொள்வது பாதுகாப்பான வழி அன்று.

ஆட்ட விதிகளும் தோற்றமும்

ஓர் ஆட்டத்தின் விதிமுறைகளும் இயக்க முறையும் கருத்துகளாகவே கொள்ளப்படுகின்றன. 1988 ஆம் ஆண்டின் டேட்டா ஈஸ்ட் எதிர் எபிக்ஸ் வழக்கில், இரு கராத்தே ஆட்டங்களுக்கு இடையிலான ஒற்றுமைகள் கராத்தே விளையாட்டின் இயல்பிலிருந்து எழுந்தவை என்பதால் உரிமை மீறல் இல்லை எனத் தீர்ப்பு வந்தது. 2012 ஆம் ஆண்டின் டெட்ரிஸ் ஹோல்டிங் எதிர் சியோ இன்டராக்டிவ் வழக்கில் முடிவு வேறாக இருந்தது. விதிகளை எடுத்துக்கொள்வதில் தவறில்லை என்று கூறிய நீதிமன்றம், துண்டுகளின் வடிவம், ஆடுகளத்தின் அளவு, காட்சியமைப்பு ஆகியவற்றையும் ஏறத்தாழ அப்படியே படியெடுத்தது உரிமை மீறல் என்று அறிவித்தது.

ஒரு திரைப்படத்தில் அடங்கியுள்ள உரிமைகள்

திரைப்படம் ஒற்றை உரிமைப் பொருளாகத் தோன்றினாலும், அதனுள் பல உரிமைகள் அடங்கியுள்ளன. அவை வெவ்வேறு நபர்களிடம் இருக்கலாம்.

* மூலக்கதை, திரைக்கதை, உரையாடல்
* படத்தின் காட்சிப் பதிவு
* இசையமைப்பு, பாடல் வரிகள், ஒலிப்பதிவு. ஒரே பாடலில் இவை தனித்தனி உரிமைகள் ஆகும். பாடலைத் தாமே மீண்டும் வாசித்துப் பதிவு செய்பவர் ஒலிப்பதிவு உரிமையைத் தவிர்க்கலாம். இசையமைப்புக்கான உரிமையைத் தவிர்க்க இயலாது.
* கதைமாந்தரின் உருவமும், அரங்கு, ஆடை, ஊர்தி ஆகியவற்றின் வடிவமைப்பும்
* தலைப்பும் சின்னமும். தனித்த தலைப்புக்குப் பதிப்புரிமை பொதுவாக இல்லை. அது வணிகக் குறியாகப் பாதுகாக்கப்படலாம்.
* நடிகரின் முகம், குரல், பெயர். இவை ஆளுமை உரிமையின் கீழ் வருவன.

கடைசியாகக் கூறப்பட்ட உரிமை இந்தியாவிலும் ஏற்கப்பட்டுள்ளது. நடிகர் ரஜினிகாந்த் தம் பெயரையும் பாணியையும் பயன்படுத்திய இந்தித் திரைப்படம் ஒன்றுக்கு எதிராகத் தொடர்ந்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2015 இல் அவருக்குச் சார்பாகத் தடை விதித்தது. எனவே தமிழ்த் திரைப்படம் ஒன்றைக் கொண்டு ஆட்டம் உருவாக்குபவர் தயாரிப்பாளரின் உரிமையோடு, நடிகரின் உரிமையையும் தனியே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

வழிப்படைப்பு உரிமை

ஒரு படைப்பிலிருந்து மற்றொரு படைப்பை உருவாக்கும் உரிமையும் மூல ஆசிரியருக்கே உரியது. புதினத்தைத் திரைப்படமாக்குவது, திரைப்படத்தை ஆட்டமாக்குவது ஆகியன வழிப்படைப்புகள் ஆகும். ஐக்கிய அமெரிக்கச் சட்டத்தின் 106 ஆம் பிரிவு இவ்வுரிமையை வழங்குகிறது. படத்தின் ஒரு சட்டகத்தைக்கூடப் படியெடுக்காமல், அனைத்தையும் புதிதாக வரைந்து நிரலெழுதி உருவாக்கிய ஆட்டமும், படத்தின் மாந்தரையும் கதையையும் பின்பற்றினால் வழிப்படைப்பாகவே கருதப்படும். இரசிகர் ஆட்டங்கள் பலவும் சிக்கலுக்கு உள்ளாவது இவ்விடத்திலேயே.

நியாயமான பயன்பாடு

நியாயமான பயன்பாட்டுக் கோட்பாட்டின் தோற்றம் 1841 ஆம் ஆண்டின் பால்சம் எதிர் மார்ஷ் வழக்கில் காணப்படுகிறது. ஜார்ஜ் வாசிங்டனின் கடிதங்களை மற்றொரு நூலில் எடுத்தாண்டது பற்றிய அவ்வழக்கில், நீதியரசர் ஜோசப் ஸ்டோரி எடுத்தாளப்பட்ட பகுதியின் தன்மை, அளவு, மூல நூலின் விற்பனைக்கு நேரும் பாதிப்பு ஆகியவற்றை ஆராய வேண்டும் என்றார். இதுவே பின்னர் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107 ஆம் பிரிவாக எழுதப்பட்டது. அப்பிரிவு நான்கு காரணிகளைக் கூறுகிறது.

1. பயன்பாட்டின் நோக்கமும் தன்மையும். பயன்பாடு வணிகம் சார்ந்ததா, கல்வி சார்ந்ததா, மூலத்துக்குப் புதிய நோக்கம் ஒன்றைச் சேர்க்கிறதா என்பன இதில் ஆராயப்படும். ஆட்டத்தை இலவசமாக வழங்குவது இக்காரணியில் சாதகமானது. ஆனால் அதுவே முடிவானதன்று.

2. மூலப் படைப்பின் தன்மை. செய்தி, வரலாறு போன்றவற்றைவிடக் கற்பனைப் படைப்புக்குப் பாதுகாப்பு மிகுதி. கதைத் திரைப்படங்கள் கற்பனைப் படைப்புகள் என்பதால் இக்காரணி பொதுவாக இரசிகருக்கு எதிராகவே அமையும்.

3. எடுத்தாளப்பட்ட பகுதியின் அளவும் முதன்மையும். அளவில் சிறியதாயினும் படைப்பின் உயிர்நாடியான பகுதியை எடுப்பது எதிராகக் கருதப்படலாம்.

4. மூலத்தின் சந்தைக்கு நேரும் பாதிப்பு. படத்தின் விற்பனை மட்டுமன்றி, படத்தை ஆட்டமாக்க உரிமம் வழங்கும் வாய்ப்பும் இங்குச் சந்தையாகவே கொள்ளப்படும்.

இந்நான்கும் சேர்த்தே எடைபோடப்படும். பத்து விழுக்காடு, முப்பது நொடி என்பன போன்ற அளவு வரம்பு எதுவும் சட்டத்தில் இல்லை.

பகடிக்கு இக்கோட்பாட்டில் தனியிடம் உண்டு. 1994 ஆம் ஆண்டின் கேம்பெல் எதிர் அகப் ரோஸ் வழக்கில், புகழ்பெற்ற பாடல் ஒன்றை எள்ளல் செய்த பாடல் வணிக நோக்குடையதாயினும் நியாயமான பயன்பாடாக இருக்கக்கூடும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மூலத்தையே எள்ளுவதற்கு மூலத்தை நினைவூட்டுவது தேவை என்பது இதன் அடிப்படை. மூலத்தைப் பற்றி எதுவும் கூறாமல் அதனை அலங்காரமாகப் பயன்படுத்துவதற்கு இந்த விலக்கு எளிதில் கிடைப்பதில்லை. மருத்துவர் சூஸின் சிறுவர் நூலையும் ஸ்டார் ட்ரெக் தொடரையும் கலந்து எழுதப்பட்ட நூல் ஒன்று நியாயமான பயன்பாடு அன்று என 2020 இல் ஒன்பதாம் வட்டார நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இரு திரைப்படங்களின் மாந்தரை ஒரே களத்தில் மோதவிடும் ஆட்டங்களை உருவாக்குவோர் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

2023 ஆம் ஆண்டின் வார்ஹோல் அறக்கட்டளை எதிர் கோல்ட்ஸ்மித் வழக்கில் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு வரம்பை வகுத்தது. புதிய அழகியலோ புதிய பொருளோ சேர்க்கப்பட்டுவிட்டதால் மட்டும் முதற் காரணி சாதகமாகிவிடாது. மூலமும் புதிய பயன்பாடும் ஒரே நோக்கத்துக்குப் பயன்பட்டால், அவ்வாறு எடுத்தாள்வதற்குத் தனியான நியாயம் வேண்டும். இல்லையெனில் வழிப்படைப்பு உரிமையே பொருளற்றதாகிவிடும் என்று நீதிமன்றம் கருதியது.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

கிங் காங்கும் டாங்கி காங்கும்

நின்டெண்டோ நிறுவனத்தின் டாங்கி காங் ஆட்டம் 1981 இல் வெளியானது. அது கிங் காங் படத்தின் மீதான தனது உரிமையை மீறுவதாக யுனிவர்சல் நிறுவனம் 1982 இல் வழக்குத் தொடர்ந்தது. வழக்குக்கு அஞ்சிய கொலிக்கோ நிறுவனம் உரிமத் தொகை செலுத்த இணங்கியது, நின்டெண்டோ இணங்கவில்லை. யுனிவர்சல் நிறுவனமே சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு வழக்கில் கிங் காங் கதை பொது உரிமைப் பரப்பில் உள்ளது என்று வாதிட்டிருந்தது தெரியவந்தது. நின்டெண்டோவுக்குச் சார்பாகத் தீர்ப்பு வந்தது. 1984 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியவரிடம் உண்மையிலேயே உரிமை உள்ளதா என்பதை முதலில் ஆராய வேண்டும் என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

ஏலியன் குவேக்

டூம் ஆட்டத்தை முழுவதும் மாற்றியமைத்து, ஏலியன்ஸ் படத்தைத் தழுவி உருவாக்கிய இரசிகர் ஆக்கம் 1994 இல் வெளியாகிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. குவேக் ஆட்டத்தை அடிப்படையாகக் கொண்ட ஏலியன் குவேக் என்னும் மற்றோர் ஆக்கத்தை 1997 இல் டுவென்டியத் சென்சுரி ஃபாக்ஸ் நிறுவனம் நிறுத்தியது. இதன் பின்னர், உரிமையாளரால் நிறுத்தப்பட்ட இரசிகர் ஆட்டத்தை ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெயரால் 'ஃபாக்ஸ் செய்யப்பட்டது' என்று குறிக்கும் வழக்கு ஆட்ட உருவாக்குநர்களிடையே தோன்றியது.

ஸ்டார் வார்ஸ்

கைவிடப்பட்ட ஸ்டார் வார்ஸ் ஆட்டம் ஒன்றுக்கு மறுவுயிர் தர முனைந்த கேலக்ஸி இன் டர்மாயில் என்னும் திட்டம் 2016 இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் கோரிக்கையால் நிறுத்தப்பட்டது. ஸ்டார் வார்ஸ் ஆட்டங்களுக்கான உரிமத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2013 இல் பெற்றிருந்தது. ஆட்டத்தை இலவசமாகவே வழங்கப்போவதாக உருவாக்குநர்கள் கூறியும் பயனில்லை. ஸ்டார் வார்ஸ் கூறுகளை நீக்கிவிட்டுத் தமது சொந்த உலகில் ஆட்டத்தைத் தொடரப்போவதாக அவர்கள் அறிவித்தனர். இதற்கு மாறாக, ஜெடை அகாடமி ஆட்டத்தின் மீது கட்டப்பட்ட மூவி பேட்டில்ஸ் 2 என்னும் இரசிகர் ஆக்கம் நீண்டகாலமாகத் தடையின்றி ஆடப்பட்டு வருகிறது.

கோல்டன் ஐ

1995 ஆம் ஆண்டின் ஜேம்ஸ் பாண்ட் படமான கோல்டன் ஐயைத் தழுவிய ஆட்டம் 1997 இல் வெளியானது. அதனை மீளுருவாக்கிய கோல்டன் ஐ: சோர்ஸ் என்னும் இலவச இரசிகர் ஆக்கம் 2005 முதல் வெளியாகி, 2016 இல் அதன் 5.0 பதிப்பை எட்டியது. அதே ஆட்டத்தை மீளுருவாக்க முனைந்த கோல்டன் ஐ 25 என்னும் மற்றொரு திட்டம் 2020 இல் உரிமையாளர்களின் கோரிக்கையால் பாண்ட் தொடர்பான கூறுகளைக் கைவிட்டது. ஒரே படத்தைத் தழுவிய இரு முயற்சிகளுள் ஒன்று பொறுத்துக்கொள்ளப்பட்டது, மற்றொன்று நிறுத்தப்பட்டது. பொறுத்துக்கொள்ளப்படுவது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததே அன்றி உருவாக்குநரின் உரிமை அன்று என்பதை இது காட்டுகிறது.

ஆக்சனார்

இது ஆட்டம் அன்று. ஸ்டார் ட்ரெக் தொடரைத் தழுவிய இரசிகர் திரைப்படம் ஆகும். எனினும் இரசிகர் படைப்பு ஒன்று நீதிமன்றம் வரை சென்ற அரிய நிகழ்வு என்பதால் இங்குக் குறிப்பிடத்தக்கது. மக்களிடம் பத்து இலட்சம் டாலருக்கு மேல் நிதி திரட்டப்பட்ட இப்படத்துக்கு எதிராக 2015 டிசம்பரில் பாரமவுண்ட், சிபிஎஸ் நிறுவனங்கள் வழக்குத் தொடர்ந்தன. நியாயமான பயன்பாடு என்னும் எதிர்வாதம் இதற்குப் பொருந்தாது என்று 2017 சனவரியில் நீதிபதி முடிவு செய்தார். அதே மாதம் வழக்கு இணக்கமாக முடிந்தது. இதற்கிடையே, 2016 சூனில் அந்நிறுவனங்கள் இரசிகர் படங்களுக்கான நெறிமுறைகளை வெளியிட்டன. ஒரு பகுதி 15 நிமிடத்துக்கு மிகாதிருத்தல், மொத்தம் 30 நிமிடத்துக்கு மிகாதிருத்தல், திரட்டும் நிதி 50,000 டாலருக்கு மிகாதிருத்தல் ஆகியன அவற்றுள் சில.

ஃபிரைடே தி தர்ட்டீன்த்

முகாம் ஒன்றில் இளைஞர்களைக் கொலையாளி துரத்தும் திகில் படங்களால் ஈர்க்கப்பட்டு, சம்மர் கேம்ப் என்னும் பெயரில் ஓர் ஆட்டம் திட்டமிடப்பட்டது. 1980 ஆம் ஆண்டுப் படமான ஃபிரைடே தி தர்ட்டீன்த்தின் இயக்குநர் சான் கன்னிங்காம் தரப்பின் இசைவால், 2015 இல் அது அப்படத்தின் உரிமம் பெற்ற ஆட்டமாக மாறி, 2017 இல் வெளியானது. ஆனால் படத்தின் திரைக்கதை ஆசிரியர் விக்டர் மில்லருக்கும் தயாரிப்புத் தரப்புக்கும் இடையே உரிமை வழக்கு நடந்ததால், ஆட்டத்தில் புதிய உள்ளடக்கம் சேர்ப்பது 2018 இல் நிறுத்தப்பட்டது. 2021 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மில்லருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 2023 இறுதியில் ஆட்டத்தின் விற்பனை முடிவுக்கு வந்தது. உரிமம் பெற்ற ஆட்டமும், உரிமையாளர்களுக்கு இடையிலான பிணக்கால் பாதிக்கப்படலாம்.

இணையத்தளங்களில் நீக்கல் நடைமுறை

ஐக்கிய அமெரிக்காவின் 1998 ஆம் ஆண்டு எண்ணிம ஆயிரவாண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, உரிமையாளர் முறையான அறிவிப்பு அனுப்பினால் இணையத்தளம் அந்த ஆக்கத்தை விரைவாக நீக்க வேண்டும். அவ்வாறு செய்யும் தளத்துக்குப் பொறுப்பிலிருந்து பாதுகாப்புக் கிடைக்கும். நீக்கப்பட்டது தவறு எனக் கருதும் உருவாக்குநர் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அதன் பின்னர் உரிமையாளர் வழக்குத் தொடராவிடில், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் ஆக்கம் மீண்டும் வைக்கப்பட வேண்டும். எதிர் அறிவிப்பில் தம் பெயரையும் முகவரியையும் தருவதுடன், ஐக்கிய அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து ஆட்டம் வெளியிடும் மாணவர் ஒருவருக்கு இது எளிதில் எடுக்கக்கூடிய முடிவன்று.

வழக்கில் தோற்றால் செலுத்த நேரும் தொகையும் பெரிது. உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்ட படைப்புக்கு, நட்டத்தை மெய்ப்பிக்காமலேயே 750 முதல் 30,000 டாலர் வரை சட்டமுறை இழப்பீடு கோரலாம். அறிந்தே செய்த மீறலுக்கு இது 150,000 டாலர் வரை உயரலாம்.

பிற நாடுகளில்

இந்தியா

இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நியாயமான கையாளல் என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறது. இது நியாயமான பயன்பாட்டை விடக் குறுகியது. 52 ஆம் பிரிவின்படி, ஆராய்ச்சி உள்ளிட்ட தனிப்பட்ட பயன்பாடு, திறனாய்வு, நடப்புச் செய்தி ஆகிய நோக்கங்களுக்கே இவ்விலக்கு உண்டு. ஆட்டத்தை உருவாக்கித் தம் வீட்டுக் கணினியில் ஆடிப் பார்ப்பது தனிப்பட்ட பயன்பாடு என வாதிடத்தக்கது. அதனை இணையத்தில் வெளியிடுவதற்கு அவ்வாதம் பொருந்தாது. பகடி சட்டத்தில் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. எனினும், ஒரு மலையாள நாடகத்தை விமர்சிக்கும் எதிர் நாடகம் நியாயமான கையாளல் ஆகலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் 1996 இல் கருதியது.

கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 1978 ஆம் ஆண்டின் ஆர். ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் நிலைநாட்டியது. ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கும் இடையிலான மாநில வேற்றுமையைப் பேசிய நாடகத்தைத் தழுவி, 1956 இல் நியூ டெல்லி என்னும் இந்திப் படம் எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடரப்பட்டது. கருப்பொருள் ஒன்றாயினும் அதனைக் கையாண்ட விதம் வேறு என்பதால் உரிமை மீறல் இல்லை எனத் தீர்ப்பு வந்தது.

ஆட்டங்களைப் பொறுத்தவரை 2008 ஆம் ஆண்டின் ஸ்கிராபுலஸ் வழக்கு குறிப்பிடத்தக்கது. கொல்கத்தாவைச் சேர்ந்த சகோதரர் இருவர் உருவாக்கிய இச்சொல்லாட்டம் ஸ்கிராபிள் ஆட்டத்தை ஒத்திருந்தது. பலகைக்குப் பதிப்புரிமை உண்டு என்னும் வாதத்தைத் தில்லி உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் பெயர் வணிகக் குறியை மீறுவதாகக் கருதித் தடை விதித்தது. பின்னர் அது லெக்சுலஸ் என்னும் பெயரில் தொடர்ந்தது.

இந்தியச் சட்டத்தில் அறிந்தே செய்யும் உரிமை மீறல் குற்றமும் ஆகும். வணிக ஆதாயத்துக்காகச் செய்யப்படாதபோது தண்டனையைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

இலங்கை

இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஐக்கிய அமெரிக்காவைப் போன்றே நான்கு காரணிகளைக் கொண்ட நியாயமான பயன்பாட்டை 11 ஆம் பிரிவில் ஏற்றுள்ளது.

கனடா, ஐக்கிய இராச்சியம், சிங்கப்பூர்

கனடா 2012 இல் பயனர் உருவாக்கும் உள்ளடக்கத்துக்கெனத் தனி விலக்கு ஒன்றைச் சட்டத்தில் சேர்த்தது. வணிக நோக்கமின்மை, இயன்றவரை மூலத்தைக் குறிப்பிடுதல், மூலத்தின் சந்தைக்குக் கணிசமான பாதிப்பின்மை ஆகியன அதன் நிபந்தனைகளுள் சில. ஐக்கிய இராச்சியத்தில் பகடி, கேலிச்சித்திரம், பாவனைப் படைப்பு ஆகியவற்றுக்கான விலக்கு 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரின் 2021 ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான பயன்பாடு என்னும் சொல்லையே கையாளுகிறது.

பரவலான தவறான கருத்துகள்

* இலவசமாக வழங்கினால் மீறல் இல்லை: தவறு. வருவாயின்மை நான்கு காரணிகளுள் ஒன்றின் ஒரு பகுதி மட்டுமே.
* மூல உரிமையாளருக்கு நன்றி தெரிவித்தால் போதும்: தவறு. பெயர் குறிப்பிடுவது நாகரிகம். அது அனுமதிக்கு ஈடாகாது.
* பல ஆண்டுகள் எதிர்ப்பு இல்லாவிடில் உரிமை இழக்கப்படும்: தவறு. ரேஜிங் புல் படம் பற்றிய 2014 ஆம் ஆண்டின் பெட்ரெல்லா எதிர் எம்ஜிஎம் வழக்கில், சட்டம் தரும் மூன்றாண்டுக் கால வரம்புக்குள் நிகழ்ந்த மீறலுக்கான இழப்பீட்டு வழக்கைக் காலத்தாழ்ச்சி காட்டித் தள்ளிவிட இயலாது என உச்ச நீதிமன்றம் கூறியது.
* எச்சரிக்கைக் கடிதம் தீர்ப்புக்கு ஒப்பானது: இதுவும் தவறு. அது ஒரு தரப்பின் கோரிக்கை மட்டுமே.
* ஒரு படத்தின் தாக்கம் இருந்தாலே மீறல்: தவறு. தாக்கம் பெறுவதும் படியெடுப்பதும் வேறு வேறு.

பொது உரிமைப் பரப்பில் உள்ள திரைப்படங்கள்

பதிப்புரிமைக் காலம் முடிந்த படங்களை உரிமமின்றித் தழுவலாம். ஐக்கிய அமெரிக்காவில் பழைய படங்களுக்கு இக்காலம் வெளியான ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள் ஆகும். 1927 ஆம் ஆண்டின் மெட்ரோபோலிஸ் 2023 சனவரி 1 அன்றும், மிக்கி எலி தோன்றிய 1928 ஆம் ஆண்டின் ஸ்டீம்போட் வில்லி 2024 சனவரி 1 அன்றும் அங்குப் பொது உரிமைப் பரப்புக்கு வந்தன. ஜார்ஜ் ரொமேரோ இயக்கிய நைட் ஆஃப் த லிவிங் டெட் படத்தின் தலைப்பு வெளியீட்டின்போது மாற்றப்பட்டது. புதிய தலைப்பு அட்டையில் பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டதால், அப்படம் 1968 இல் வெளியானபோதே பாதுகாப்பை இழந்தது. நடைபிணங்களைக் கொண்ட எண்ணற்ற படங்களும் ஆட்டங்களும் தடையின்றித் தோன்ற இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இங்கும் சில வரம்புகள் உள்ளன. ஸ்டீம்போட் வில்லியில் உள்ள கறுப்பு வெள்ளை எலியே பொது உரிமையானது. பிற்காலப் படங்களில் சேர்க்கப்பட்ட இயல்புகள் அந்தந்தப் படத்தின் காலம் முடியும்வரை பாதுகாக்கப்படும். வணிகக் குறியும் தொடரும். கால அளவு நாட்டுக்கு நாடு வேறுபடும். மெட்ரோபோலிஸின் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் 1976 இல் இறந்ததால், செருமனியில் அது 2046 இறுதி வரை பாதுகாக்கப்படும். இந்தியாவில் திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. படத்தின் காலம் முடிந்தாலும், அதன் பாடல் வரிகளுக்கும் இசைக்கும் ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் எனத் தனிக் கணக்கு உண்டு.

பொது உரிமைப் பரப்புக்குப் புதிதாக வந்த படைப்புகளைக் கொண்டு ஆட்டங்கள் உருவாக்கும் இணையப் போட்டி ஒன்று 2019 சனவரியில் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்டது.

உரிமைச் சிக்கலைக் குறைக்கும் வழிகள்

ஒரு படத்தின் பெயர், மாந்தர், இசை, சின்னம் ஆகியவற்றை விலக்கி, அதன் கதைவகையையும் உணர்வையும் மட்டும் எடுத்துக்கொண்டு சொந்த உலகை உருவாக்குவதே மிகவும் பாதுகாப்பான வழியாகக் கருதப்படுகிறது. படக்கூறுகள் இன்றியமையாதவை எனில், உரிமையாளர் இரசிகர் படைப்புகளுக்கான நெறிமுறைகளை வெளியிட்டுள்ளாரா எனப் பார்க்கலாம், எழுத்து மூலம் அனுமதி கோரலாம், அல்லது பொது உரிமைப் பரப்பில் உள்ள படத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நிரலையும் ஓவியங்களையும் தனித்தனியே பிரித்து வைத்துக்கொள்வதும் பயன் தரும். அவ்வாறு செய்திருந்தால், நிறுத்தக் கோரும் கடிதம் வந்தாலும் படக்கூறுகளை மட்டும் நீக்கிவிட்டு, சொந்த நிரலைக் கொண்டு ஆட்டத்தைத் தொடர இயலும்.

விமர்சனங்கள்

இரசிகர் ஆட்டங்கள் படத்தின் புகழை வளர்க்கின்றன, சந்தையைக் கெடுப்பதில்லை என்றும், இளைஞர்கள் நிரலாக்கமும் கதையமைப்பும் பயிலும் களமாக அவை விளங்குகின்றன என்றும் ஆதரவாளர்கள் கூறுகின்றனர். தீர்ப்பு வரும்வரை எது நியாயம் என்று தெரியாத நிலை, சட்டப்படி செல்லத்தக்க ஆக்கங்களையும் அச்சத்தால் கைவிடச் செய்கிறது என்பது அவர்களின் குறை. உரிமையாளர் தரப்போ, உரிமத் தொகை செலுத்தும் நிறுவனங்களுக்குத் தாம் பொறுப்புள்ளவர்கள் என்றும், வணிகக் குறிகளைக் காக்கத் தவறினால் அவை வலுவிழக்கும் என்றும் கூறுகிறது. இரண்டாவது வாதம் வணிகக் குறிக்குப் பொருந்தும். பதிப்புரிமை நடவடிக்கை எடுக்காததால் மட்டும் இழக்கப்படுவதில்லை. ஸ்டார் ட்ரெக் நெறிமுறைகள் போன்றவை இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட தீர்வாகும். எனினும் அவற்றை வகுப்பதும் மாற்றுவதும் உரிமையாளரின் கையிலேயே உள்ளன.